கவாத்து

இருபத்தெட்டு வருஷம்
குமாரசாமிப்பட்டி ஆயுதப்படை மைதானத்தில்
கவாத்து சொல்லிக் கொடுத்தவன் நான்.
என் ஒரு குரலுக்கு
நூறு பூட்ஸ் ஒன்றாய்த் தரை தொடும்.
ஓய்வுக்குப் பின்
நாகலூரில் வாங்கிய ஒன்றரை ஏக்கரில்
பழம் பறித்து முடிந்ததும்
"சார், செடிக்குக் கவாத்து எடுக்கணும்" என்றாள் அலமேலு.
காப்பிச் செடி எப்படி நடை பழகும் என்று
ஒரு கணம் நிஜமாகவே யோசித்தேன்.

கத்தியோடு வந்தாள்.
அவள் கை வைத்தது இருப்பதிலேயே செழித்த கிளையில்.
"நிறைய இலை இருக்கேம்மா."
"இலைதான் சார் இருக்கு."
வெட்டு விழுந்தது.

அந்த வருஷ அறுப்பின் பண்டிகையில்
என் பெயரை மைக்கில் வாசித்தார்கள்:
காப்பிக் கொட்டை, பதினைந்து கிலோ.
ஏலத்தில் ஒரு பூசணிக்காயை
விலைக்கு மேல் விலை வைத்து எடுத்தேன்.
ஆலயம் கைதட்டியது.
சுகிர்தம் தட்டவில்லை.
அன்றிரவு ஜெபத்தில்
பிள்ளைகள், பேரன், போதகர்
எல்லார் பெயரும் சொன்ன பிறகு
"முனிரத்தினத்தோட முழங்காலுக்காகவும் ஆண்டவரே" என்றாள்.
எனக்கு ஆமென் வரவில்லை.

அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது.
வரிசையில் சிரித்தான். அவ்வளவுதான்.
சித்திரை வெயில்.
தலைக்கு மேல் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு
முப்பது சுற்று ஓடச் சொன்னேன்.
பதினேழில் விழுந்தான்.
எழு என்றேன்.
எழுந்தான்.
அதற்கப்புறம் அவன் காக்கி போடவில்லை.

போய்ப் பார், என்றது ஒரு சொல்.
நான் கட்டளை இட்டவன், எனக்குத் தெரியும்,
அதட்டினால் எதிர்த்து நிற்கலாம்.
இது அதட்டவில்லை.
மிளகுக்கு மருந்து அடிக்கும்போதும்
பல் தேய்க்கும்போதும்
அதே தணிந்த குரல்.
பணம் அனுப்பட்டுமா என்றேன்.
மழை விடட்டும் என்றேன்.
ஒரு வருஷம் போனது.

மலையைப் பெயர்ப்பதுதான் விசுவாசம் என்று
நினைத்திருந்தேன்.
எனக்கு வாய்த்தது மலையிலிருந்து இறங்குவது,
இருபது கொண்டை ஊசி வளைவு,
ஜன்னலோரம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.
பதினொன்றில் இறங்கிவிட எழுந்தேன்.
"உட்காருங்க பெரியவரே" என்றார் கண்டக்டர்.
உட்கார்ந்தேன்.

செவ்வாய்ப்பேட்டையில் ஜெராக்ஸ் கடை.
என்னைப் பார்த்ததும்
பழக்கத்தில் விறைப்பாய் எழப் பார்த்தான்;
முழங்கால் விடவில்லை.
மனப்பாடம் செய்து போனது நாலு வாக்கியம்,
வெளியே வந்தது ஒன்றரை.
இயந்திரத்தின் பச்சை வெளிச்சம்
யாருடைய ரேஷன் கார்டையோ
அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை
தடவிக்கொண்டிருந்தது.
மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை.
சில்லறை எண்ணினான்.
மதியம் கடை மூடும் நேரம்.
"பையன் லீவு. எனக்குக் குனிய வராது.
ஷட்டரை இறக்குங்க."

இறக்கினேன்.
வாழ்நாளில் எனக்கு இடப்பட்ட கட்டளைகளில்
இவ்வளவு எளிதானது இல்லை.
உள்ளங்கையில் கிரீஸ்
நாகலூர் வரை கூடவே வந்தது.

அன்பு வந்ததா என்று கேட்காதீர்கள்.
சனிக்கிழமை வருகிறது,
ஒன்பதரை பஸ் வருகிறது,
ஏறுகிறேன்.

மாசிக் கடைசியில் ஒரு மழை.
பக்கத்துத் தோட்டமெல்லாம் வெள்ளை வெளேரென்று பூ,
வாசனை சாலை வரைக்கும்.
என் செடிகள் மொட்டைக் கட்டையாய் நிற்கின்றன.
வெட்டின வாயில் மட்டும்
எறும்புத் தலை அளவு பச்சை.
"இதுல இந்த வருஷம் ஒண்ணும் இல்ல சார்" என்கிறாள் அலமேலு,
சந்தோஷமாக.

போன சனிக்கிழமை ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது.
நான் தொங்கிப் பார்த்தேன், உதைத்தும் பார்த்தேன்.
பின்னால் முனிரத்தினம் சிரித்தான்,
அன்று வரிசையில் சிரித்தானே,
அதே சிரிப்பு.
நான் திரும்பவில்லை.
இன்னொரு முறை இழுத்தேன்.