கடல் மட்டத்திலிருந்து

மன்னார் பஸ் பலக்கடுவ வளைவுகளில் ஏறும்போது
காது அடைத்தது.
பக்கத்து சீற்றுக்காரர் மூக்கைப் பொத்தி ஊதச் சொன்னார்.
ஊதினேன்.
கண்டி எனக்கு அப்படித்தான் தொடங்கியது,
டப்பென்ற ஒரு சத்தத்தோடு.

அம்பிட்டிய வீதியில் பியசீலி அக்காவின் போடிங்
தெருவிலிருந்து அறுபத்தெட்டுப் படி.
பேசாலையில் எங்கள் வீட்டுக்கு ஒரு படி,
அதையும் கச்சான் காற்றில் மணல் மூடிவிடும்.

அறைத்தோழி புஷ்பலோசினி பொகவந்தலாவைக்காரி.
இந்த ஊர் வேர்க்குது என்று ஃபேன் போடுவாள்.
நான் இரண்டு போர்வைக்குள் கிடந்து
அவள் ஊரை நினைத்துப் பயப்படுவேன்.
அவள் இறங்கி வந்தவள், நான் ஏறி வந்தவள்.
நடுவில் ஒரே ஜன்னல்.
திறப்பதா மூடுவதா என்று ஒரு மாதம் வழக்கு நடந்து
பாதியில் நிற்கிறது இப்போது, வழக்கும் ஜன்னலும்.

அம்மா கட்டித்தந்த கட்டாக் கருவாட்டைக்
குரங்கு தூக்கிக்கொண்டு போனது.
கூரையில் குந்தி மணந்து பார்த்து
அடுத்த வீட்டு முற்றத்தில் எறிந்தது.
அன்றிரவு அந்த வீட்டில் பொரியல் வாசம்.
நாங்கள் போய்க் கேட்கவில்லை.

பின்னேரம் ஆறரைக்கு மாளிகையில் மேளம்.
முதல் நாள் அது காற்றோடு மேலேறி வந்தபோது
ஊர்க் கோயில் மணியாக்கும் என்று
கை தானாக நெற்றிக்குப் போனது.
பாதிச் சிலுவையில் நிறுத்தினேன்.
பிறகு யோசித்து
மிச்சத்தையும் போட்டேன்.

தொழினுட்பக் கல்லூரியில் எனக்கு நில அளவை.
விதானகே சேர் பலகையில் கிடையாக ஒரு கோடு கீறி
பக்கத்தில் சைபர் என்று எழுதினார்.
கடல் மட்டம். எல்லா உயரமும் இங்கிருந்துதான்.
வகுப்பு குனிந்து எழுதிக்கொண்டது.
நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அந்தக் கோட்டில் எங்கள் வள்ளம் கட்டிக் கிடந்தது,
முழங்கால் தண்ணீரில் நின்று
அப்பா இஞ்சின் துடைத்துக்கொண்டிருந்தார்.
கண்டி கிட்டத்தட்ட ஐந்நூறு மீற்றர், என்றார் சேர்.
எங்கள் வீட்டிலிருந்து, என்று
மனதுக்குள் திருத்தினேன்.

வாவியைச் சுற்றி மட்டமெடுக்க விட்டார்கள்.
மட்டமானியில் அக்குறணை இம்தாத்,
கோலை நிமிர்த்திப் பிடிப்பது நான்.
முகில் மதிலின் முக்கோணப் பொந்துகள் பக்கம்
நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காயவைத்து
எங்களுக்குச் சம்பளம் கொடுப்பதுபோல் மேற்பார்த்தது.
அந்த மதிலை அரசன் முடிக்கவில்லையாம்.
இருநூறு வருசம், ஒருவரும் புள்ளி குறைக்கவில்லை.
எங்களுக்கு வெள்ளிக்கிழமை கடைசித் திகதி.

குருநாகல் பக்கக் குடும்பம் ஒன்று,
கையில் பூத்தட்டு, இடுப்பில் பிள்ளை.
"மாளிகாவட்ட யன்னே கொஹெந்த, நங்கி?"
தொப்பியும் கோலும் கண்டு
இந்த ஊர்க்காரி என்றே நினைத்திருப்பார்கள்.
வழி கேட்டுக் கேட்டே வந்த எனக்கு
வாய் முந்திக்கொண்டது:
"கெலின்ம யன்ன." நேரே போங்கள்.

நேரே போகிற தெரு ஒன்றையும்
இந்த நகரத்தில் நான் இன்னும் காணவில்லை.

அவர்கள் மரநிழலில் மறைந்த பிறகுதான் உறைத்தது,
காட்டியது மறுபக்கம்.
பரவாயில்லை, வாவிதானே,
சுற்றினால் மாளிகை வந்துதான் ஆகும் என்று
என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

நாங்கள் பாதி வளைவு வந்தபோது
எதிரே அதே குடும்பம்.
பிள்ளை தகப்பன் தோளில் தூங்கிவிட்டது.
தட்டில் பூக்கள் தலை சாய்ந்திருந்தன.
தாய் என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை,
கொஞ்சம் சிரித்தாளோ தெரியாது.
நான் கோலுக்குப் பின்னால் ஒளிந்தேன்.
கோல் நாலு விரல் அகலம்.
"ஆட்டாதடீ!" இம்தாத் தூரத்திலிருந்து கத்தினான்.

தொடங்கிய கல்லிலேயே வந்து முடித்தோம்.
ஒரே கல், இரண்டு உயரம்,
பதினொரு மில்லிமீற்றர் இடித்தது.
எங்கே பிழைத்தது என்று சேர் கேட்டார்.
தெரியாது என்றேன்.
சரி, இது விடக்கூடிய அளவுதான்,
எல்லாப் புள்ளிக்கும் பங்குபோட்டு எழுது என்றார்.

இரவு, பாதி ஜன்னலுக்குக் கீழே இருந்து பங்குபோட்டேன்.
மதிலுக்குக் கொஞ்சம், பாலத்துக்குக் கொஞ்சம்,
நீர்க்காகம் நின்ற இடத்துக்குக் கொஞ்சம்.
சைபரில் மட்டும்
கை வைக்கவில்லை.