நட்சத்திரக் குறி

பர்கூர் சாலை கிரானைட் பட்டறையில்
இருபத்தாறாம் எண் பெட்டிக்கு
விலாசம் எழுதிக்கொண்டிருந்தேன்.
நாடு: ட்ஸ்ர்னா கோரா.
துறைமுகத்தில் மான்டினீக்ரோ என்றால்தான் தெரியும்.
அவர்கள் வீட்டுக்குள் அழைத்துக்கொள்ளும் பெயர் இது.
ட்ஸ்ர்னா, கருப்பு. கோரா, மலை.

பேனா அங்கேயே நின்றது.
அனுப்புநர் கட்டத்தில் ஏற்கெனவே அச்சடித்திருந்தது
கிருஷ்ணகிரி.

அஞ்சல்வழி மொழியியலில்
இரண்டாம் வருடத்தோடு நின்றவள் நான்.
கட்டணம் கட்டவில்லை, புத்தகங்கள் மட்டும் வந்து சேர்ந்தன.
அதில் ஒன்று சொல்கிறது:
கிருஷ்ணமும் ட்ஸ்ர்னாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.
கிரியும் கோராவும் அப்படியே.
எந்தப் புல்வெளியிலோ மாடு ஓட்டியவர்கள்
இருட்டைச் சுட்டி ஒரு சத்தம் எழுப்ப,
பாதிச் சத்தம் மேற்கே போய்
கடலோரம் ஒரு நாடானது.
மீதி இங்கே வந்து
சுங்கச்சாவடிக்கும் மாங்கூழ் ஆலைக்கும் நடுவே
பேருந்து நிலையமானது.

கிரேன் ஓட்டும் முனிவெங்கடப்பா
பீடியை அணைத்துவிட்டுக் கேட்டார்.
"எங்க வீட்ல நல்லகொண்டன்னா கருப்பு மலை.
அது இவங்களுக்கு என்ன உறவு?"
ஒன்றும் இல்லை அண்ணா.
நாம் கரு என்பதுகூட
கிருஷ்ணன் மாதிரியே காதில் விழும்,
ஆனால் பங்காளி இல்லை.
ஜாடை வேறு, ரத்தம் வேறு.
"அதெப்படிம்மா, ஒரே ஊர்ல
அத்தனை வருசம் கூட இருந்தா
ஜாடை வந்துடும்"
என்று கொக்கியை இறக்கினார்.
இது என் புத்தகத்தில் இல்லை.

கல், ஒரு கல்லறைக்கு.
வரைபடத்தில் பிறந்த வருடத்துக்கு முன்னால் நட்சத்திரம்,
இறந்த வருடத்துக்கு முன்னால் சிலுவை.
ஆர்டர் கொடுத்தவர்:
ஸ்டானா, உதோவிட்சா.

இந்தச் சொல்லுக்கு நான் புத்தகம் திறக்கவில்லை.
தாலுகா ஆபீஸில் மூன்று நடை நடந்து
வாங்கிய சான்றிதழில் இருக்கிறது,
நீல மசியில், முத்திரை பாதி விழுந்து,
விதவை.
லத்தீனில் விதுவா. ரஷ்யனில் வ்தொவா.
மலைக்கும் கருப்புக்கும் வழிநெடுக முகம் தேய்ந்துபோக
இவளை மட்டும் எல்லோரும்
உடையாமல் தூக்கி வந்திருக்கிறார்கள்.
மனைவியை இழந்தவனுக்கு அத்தனை பழைய சொல் இல்லையாம்.
தபுதாரன் என்று நம் அகராதியில் ஒருவன் உண்டு.
அவனை யாரும் பேச்சில் பார்த்ததில்லை.

என் ஆளுக்குக் கல் கிடையாது.
தொப்பூர் இறக்கத்தில், பிரேக் பிடிக்காத லோடு வண்டி.
தென்பெண்ணையில் கரைத்தோம்.
அன்றைக்கு ஆற்றில் நுரை,
சாம்பல் போகாமல்
கொஞ்ச நேரம் அங்கேயே சுற்றியது.

எழுத்து வெட்டும் இதயத்துல்லா
வரைபடத்தோடு வந்தான்.
"அக்கா, இந்த நட்சத்திரம் வெட்டணுமா,
இல்ல ஆபீஸ் குறியா?"

என் புத்தகத்திலும் அந்தக் குறி உண்டு.
யாரும் எழுதிவைக்காத சொல்லுக்கு முன்னால் போடுவார்கள்.
பேரப்பிள்ளைகளின் மூக்கையும் நெற்றியையும் பார்த்து
இப்படி ஒருத்தி இருந்திருப்பாள் என்று
ஊகித்ததற்கு அடையாளம்.
விதவைக்கும் உதோவிட்சாவுக்கும் மேலே
அப்படி ஒருத்தி நிற்கிறாள்,
நட்சத்திரத்தோடு, குரல் இல்லாமல்.
பிரிக்கப்பட்டவள் என்று பொருளாம்.
யார் பிரித்தார்கள் என்று போடவில்லை.

"வெட்டு," என்றேன். "ஆழமா வெட்டு."

பிறகு பெட்டிக்குத் திரும்பினேன்.
அனுப்புநர், கருமலை.
பெறுநர், கருமலை.
இப்படியே எழுதினால்
கப்பல் ஏறாமல் என்னிடமே திரும்பி வரும்.
அடித்துவிட்டு
மான்டினீக்ரோ என்று
பெரிய எழுத்தில் போட்டேன்.