காய்ச்சல் விட்ட நாள்

லிங்கநகர், பாலையூற்று, அன்புவழிபுரம்:
பதினொரு வருஷமாய் வீடு வீடாய்க் குனிந்து
தண்ணி மானி வாசிக்கிறவன் நான்.
எண்களை நம்பித்தான் சம்பளம்.
திங்கள் பின்னேரம்
நூற்றி மூன்று என்று காட்டியபோது பயந்தேன்.
வியாழன் விடிய
தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு என்றபோது
சிரித்தேன்.

அதுவரைக்கும்
கண்ணுக்குப் பின்னால் ஆரோ ஆணி இறுக்குறான் என்றாள் நிரோஜினி.
முதுகு முறியுதாம். முழங்கால் தன்னுடையதில்லையாம்.
பனடோல் ரெண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா.
நோவுக்கு வேறு குளிசை கேட்டதற்கு
பார்மசி நஸ்ரின்
லாச்சியைச் சாத்தினாள்:
"டெங்கு எண்டா அது ரத்தத்தைக் கரைக்கும். தரமாட்டன்."
மூன்றாம் நாள் இரத்தம் சோதித்தோம்.
தட்டுக்கள் ஒரு லட்சத்து முப்பதாயிரம்.
நாளைக்கும் எடுங்கோ என்றார்கள்.
நாளைக்குத்தான் காய்ச்சல் விட்டுட்டுதே.

முன்வீட்டு மயில்வாகனம் கேற்றில் நின்று
"சுகமோ?" என்றார். "சுகம்" என்றேன்.
ஒழுங்கையில் ஒரு மான்
சொப்பிங் பையோடு வாழைத்தோலைத் தின்றது.
தேத்தண்ணி கொடுத்தேன், சத்தி எடுத்தாள்.
கஞ்சி கொடுத்தேன், சத்தி எடுத்தாள்.
வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து
"இதிலை நோகுது" என்றாள்.
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
அதுதான் உறுத்தியது. அவள் பேசாமல் இருக்கிறவள் இல்லை.

கையைப் பிடித்தேன்.
பங்குனி வெய்யிலில், கரண்ட் இல்லாத அறையில்
ஐஸ்பெட்டி மீன்போலக் குளிர்ந்திருந்தது.
"கடைசியா எப்ப ஒண்டுக்குப் போனனீ?"
யோசித்தாள். ராத்திரி, என்றாள்.
மணி அப்போது பத்து.

என் தொழிலில் ஒன்று உண்டு.
வீட்டில் எல்லாப் பைப்பும் பூட்டியிருக்கும்,
வாளி காய்ந்திருக்கும்,
மானிக்குள் சின்னச் சிவப்பு முள் மட்டும்
மெதுவாய்ச் சுற்றும்.
வெளியே ஒரு சொட்டும் தெரியாது.
சுவருக்குள்ளே ஒழுகுது என்று அர்த்தம்.

ஓட்டோவில் அவள் தலை
என் தோளில் நிற்கவில்லை.
உட்துறைமுக வீதியில் கடல்
ஒன்றும் தெரியாததுபோல் பளபளத்தது.

வார்ட்டில் நில்மினி மிஸ்
அவள் நகத்தை அழுத்தி விட்டு எண்ணினார்:
எக்கய், தெக்கய், துனய்.
இரண்டுக்குள் சிவப்பு திரும்ப வேணுமாம்.
மூன்றைத் தாண்டியும் வெள்ளை போகவில்லை.
தட்டுக்கள் இருபத்தோராயிரம்.
"காய்ச்சல் விட்டா பயம் போறது இல்ல,
பயம் வாறது."
உடைந்த தமிழ்தான்.
இவ்வளவு சரியான வசனத்தை நான் கேட்டதில்லை.

பிறகு என்னிடம் ஒரு தாள் தந்தார்கள்.
ஒரு பக்கம் உள்ளே போனது,
மறுபக்கம் வெளியே வந்தது.
ஜீவனி நூறு. இளநீர் ஐம்பது.
சேலைன் ஓடின கணக்கை மிஸ் எழுதுவார்.
அளவுக் குவளையில் மூத்திரம்
இருபத்தைந்து மில்லிலீற்றர், சாயத்தண்ணி நிறம்.
இரண்டு இரவு, மணிக்கு மணி
என் மனைவியை வாசித்தேன்.

விடிய மூன்று மணி இருக்கும்.
நுளம்புவலைக்குள் அவள் மூச்சைப் பார்த்திருக்கையில்
எங்கள் வீட்டு மானிக்குழி நினைவில் வந்தது.
மூடியைத் தூக்கினால் தேங்கிய தண்ணி,
அதில் தலைகீழாய்த் தொங்கித் துள்ளும் புழுக்கள்.
அவற்றுக்கு மேலே குனிந்து
எத்தனை வீட்டில், எத்தனை தரம்
எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு
மூடியைப் போட்டிருக்கிறேன்.

அறுபது. தொண்ணூறு.
சனி பின்னேரம் ஒரே தரத்தில் நானூறு;
குவளையை இரண்டு கையாலும் தூக்கிப்போனேன்,
கோயில் பால்போல.
அவள் கால்கள் சிவந்து, இடையிடையே வெள்ளைத் திட்டுக்கள்,
கடல்நடுவில் தீவுகள்மாதிரி.
"கடிக்குது, சொறிஞ்சு விடு" என்றாள்.
தாளைப் பறித்துப் பார்த்தாள்.
"இதென்ன எழுத்து? கோழி கிளறினமாதிரி."
நில்மினி மிஸ் சிரித்தார்.
எனக்குச் சிரிக்க வரவில்லை, அழத்தான் வந்தது.

அடுத்த கிழமை வேலைக்குப் போனேன்.
பாலையூற்றில் முதல் வீடு.
மூடியைத் தூக்கினேன்.
வீட்டுக்காரர் பில் எவ்வளவு என்று கேட்டார்.
நான் ஒரு சிரட்டை கேட்டேன்.