கழுத்துப் பட்டை

நெட்டுக்குப்பத்தில் நாலு மணிக்குப் படகைத் தள்ளினோம்,
நானும் என் நாத்தனார் அஞ்சலாட்சியும்.
அவள் புருஷனுக்குக் காலில் மாவுக்கட்டு.
முந்தாநாள் விட்ட நண்டு வலை ஏழு.
இன்னும் ஒருநாள் விட்டால்
நண்டை நண்டு தின்னும்.

'ரெண்டு பொம்பளைங்க கெளம்பிட்டாளுங்க பாரு'
என்று சிரித்தவன்தான் தோள் கொடுத்துத் தள்ளினான்.
இரண்டையும் கணக்கில் வைத்திருக்கிறேன்.

மூன்று அலை தாண்டும்வரை நான் கண் திறக்கவில்லை.
அவள் திறந்திருந்தாள்,
அது போதுமாயிருந்தது.

ஐந்து வலை ஏறியது.
ஆறாவதைத் தேடுகையில்
இன்ஜின் இரண்டுமுறை இருமி நின்றது.
சுற்றி இழுத்தாள்.
கயிறு பாதி அவள் கையில்,
மீதி தண்ணீரில்.

போனில் ஒரு கோடு சிக்னல்.
யாரைக் கூப்பிட, மாவுக்கட்டையா?
தெண்டி எங்களை வடக்கே தள்ளியது,
துறைமுகச் சுவர் பக்கம்.
ரோந்துக்காரன் வருவான்,
பேர் கேட்பான், அப்பன் பேர் கேட்பான்,
வலையை வைத்துக்கொள்வான்.

அந்தச் சுவருக்கு உள்ளேதான்
இரண்டு வருஷம் கரித்தூசு கூட்டினேன்.
காண்ட்ராக்ட் முடிந்ததென்று வாட்ஸப்பில் சொன்னார்கள்.
அட்டையை வாங்கிக்கொண்டார்கள்,
பட்டையை யாரும் கேட்கவில்லை.
நீல நாடா, நெடுக கம்பெனி பேர்.
வீட்டுச் சாவி அதில்தான், என் கழுத்தில்.

கழற்றினேன்.
சாவியை வாயில் கவ்விக்கொண்டேன்.
அஞ்சலாட்சி முனையில் முடிச்சிட்டு
சக்கரத்தில் மூன்று சுற்று சுற்றினாள்.
முதல் இழுப்பு, ஒன்றுமில்லை.
அடுத்ததில் டீசல் நாற்றம்.
மூன்றாவதுக்கு முன்
கடலைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்.
அதை அத்தனை அழகாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பிடித்தது.

கரைக்குப் போயிடலாம் என்றேன், சாவியோடு.
அவளுக்குப் புரியவில்லை,
அல்லது புரிந்தது.
ஆறாவது வலைக்குத் திருப்பினாள்.

ஏழாவதில் மூன்று நண்டும் ஒரு குழந்தைச் செருப்பும்.

திரும்புகையில்
அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி இரண்டும்
ஒன்றின்பின் ஒன்று ஒளிந்து
ஒன்றேயாகும்வரை பொறுத்து
மூக்கை நேராக்கினாள்.
அதன் கீழே எங்கள் கரை.
அவளுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை.
பன்னிரண்டு வருஷமாய் ஆம்பளைகள் பேசப் பேச
வலையைப் பிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தவள்.
அந்தப் புகைபோக்கிகளை நான்
கொடியில் துணி காயும்போது திட்ட மட்டும்தான்
நிமிர்ந்து பார்த்திருக்கிறேன்.

மணலில் இறங்கி வெகுநேரம் கழித்துத்தான்
சாவியைத் துப்பினேன்.
துரு, உப்பு.

ஏலம் போட்ட காசில்
புதுக் கயிறு வாங்கலாம்தான்.
பட்டை இன்னும் சக்கரத்திலேயே கிடக்கிறது.
வீட்டுச் சாவிக்குத்தான்
வேறு ஏதாவது தேட வேண்டும்.