ரோஜா நிறத் திரி

மில்துராவில் திருவருகைக்காலம்
பனியோடு வருவதில்லை.
நாற்பத்துமூன்று டிகிரியோடு வரும்,
கண்ணோரத்து ஈரம் தேடும் ஈக்களோடு,
திராட்சைத் தோட்டங்களின் கந்தக வாசனையோடு.

இந்த வருடம் மெழுகுதிரி வாங்கும் முறை எங்களுக்கு.
மூன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம்.
ஃபாதர் துவான் பட்டியல் போட்டபோது
ஆகஸ்டு இன்னும் நடந்திருக்கவில்லை.
பிறகு எங்கள் பெயரை அடிக்க யாருக்கும் மனம் வரவில்லை,
மாட்டோம் என்று சொல்ல எங்களுக்கும் வாய் வரவில்லை.

ஆகஸ்டு என்றால்
வேண்டாம்.
முப்பத்தேழு வாரம். அது போதும்.
நர்ஸ் ஒருத்தி மையில் தோய்த்து எடுத்துத் தந்த
இரண்டு பாதங்கள்
என் கட்டைவிரல் நீளத்தில்
அலமாரித் துணிகளுக்கு அடியில் இருக்கின்றன.
நடக்காத கால்களுக்கு எதற்குச் சுவடு என்று
அன்றைக்கு நான் யாரையும் கேட்கவில்லை.

உலகமே ஒரு பிள்ளைக்காகக் காத்திருக்கும் மாதத்தில்
நாங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம்,
சட்டென்று வெளியேற வசதியாக.
எல்லாரும் "வாரும், வாரும்" என்று பாடும்போது
அமலி பாட்டுத்தாளை மடிப்பாள்,
பாதியாக, காலாக, அரைக்காலாக.
அதற்குமேல் தாள் மடியாது.

மூன்றாம் ஞாயிறு, எட்டேகால் மணிக்குக்
கர்மேலா வந்து நின்றாள்:
வளையத்தில் ரோஜா நிறத் திரி இல்லையே, எங்கே?
நான்கையும் கொடுத்ததாகத்தான் நினைப்பு.
காரைக் குடைந்தேன்.
பை கிழிந்து உருண்டு போயிருந்தது,
பின்சீட்டில், கழற்ற மனமில்லாமல் விட்டிருந்த
குழந்தை இருக்கையின் அடிக்கு.

இரண்டு வாரம் வெயிலில் குழைந்து
வெந்த இறால் போல வளைந்திருந்தது.
உலர்திராட்சை ஆலையில் நான் தரம் பிரிக்கிறவன்.
நெளிந்தது, நசுங்கியது எல்லாம் தனிப்பெட்டிக்கு.
கை தானாகக் குப்பைத் தொட்டியைத் தேடியது.
அதற்குள் அமலி வாங்கிக்கொண்டாள்.
உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.
நானும் பார்த்தேன்.
முதல் ஸ்கேனில் அவளும்
இப்படித்தான் வளைந்து கிடந்தாள்.

கடை திறக்கப் பத்து மணி ஆகும்.
"இதையே வைப்போம்" என்றார் ஃபாதர்,
அதே நிற அங்கிக்குள் வியர்த்துக்கொண்டு.
யார் ஏற்றுவது என்று அவர் கேட்பதற்குள்
அமலி எழுந்து நடந்துவிட்டாள்.
கடைசி வரிசையிலிருந்து பீடம் அவ்வளவு தூரம் என்று
எனக்கு அதுவரை தெரியாது.

பற்றியது.
நேரான திரிகளுக்கு நடுவே அது மட்டும்
வெளியே எட்டிப் பார்த்து எரிந்தது.
மெழுகு நிற்க இடமில்லாமல் வழிந்து
ஒரு சொட்டு, இரண்டு சொட்டு,
மூன்றாவது ஃபாதர் துவானின் செருப்புக் காலில்.
துள்ளினார்.
வியட்நாம் மொழியில் ஏதோ சொன்னார்,
நிச்சயமாகச் செபம் இல்லை.

அமலி சிரித்துவிட்டாள்.

நூற்றுப் பதினெட்டு நாள்.
நான் எண்ணுவதை நிறுத்தியிருக்கவில்லை.
சிரிப்பு பாதியில் உடைந்து வேறொன்றாக மாறியதும்
கர்மேலா மாவு மணக்கும் கைகளால் அவளைப் பிடித்துக்கொண்டதும்
ஆர்கன்காரர் விரலைத் தூக்கி வைத்துக் காத்திருந்ததும்
பிறகு நடந்தவை.
மகிழ்ச்சியின் ஞாயிறு என்று அதற்குப் பெயர்.
யார் வைத்தார்களோ,
அழுகிறவர்களை விலக்கி வைத்து வைக்கவில்லை.

அன்று மாலை தெற்கிலிருந்து காற்று மாறியது.
அரை மணியில் பதினைந்து டிகிரி இறங்கும்;
ஊரே ஓடி ஓடி ஜன்னல் திறக்கும்.
நாங்கள் ஒன்றை மட்டும் திறப்பதில்லை.
அதையும் அமலி திறந்தாள்.
திரைச்சீலையின் யானைக்குட்டிகள்
அறைக்குள் தாவின.

"வாரும்" என்றேன்.
ராகம் இல்லாமல், காற்றிடம் சொல்வது போல.
தொட்டில் தூசியாக இருக்கிறது, பரவாயில்லை என்றால் வாரும்.

குழந்தை இருக்கையை இன்னும் கழற்றவில்லை.
ரோஜா நிறத் திரி முக்கால்வாசி மிச்சம்,
அடுத்த ஞாயிறும் அதே வளைவோடு எரியும்.
ஃபாதர் ஷூ போட்டுக்கொண்டு வருவார் என்று நினைக்கிறேன்.