பிரதி ஒன்று இருபது காசு

சுங்கை பெலிம்பிங்கில்
நகலெடுக்கும் இயந்திரம் என்னிடம் மட்டும்தான்.
பக்கத்துக் கதவு தபால் நிலையம், பூட்டியிருக்கிறது.
"செலவுச் சீரமைப்பு" என்று அதில் ஒட்டிய தாளும்
நான் எடுத்துக் கொடுத்த நகல்.

ஜனவரியில் கிளினிக்
செவ்வாய்க்கிழமை மட்டும் என்றானது.
திங்கள் காய்ச்சல் கண்டவர் ஒரு நாள் பொறுக்கலாம்.
புதன் கண்டவர்
தெலுக் இந்தானுக்கு பஸ் ஏறலாம்.
மார்ச்சில் பஸ் நின்றது.

டீசல் ஏறியது.
ஆ ஹெங் கடையில் சீனி ஆளுக்கு ஒரு கிலோ.
பள்ளிக்கூடப் பசியாறலில் முட்டை பாதியானது.
அந்தப் பாதிக்குப் பிள்ளைகள்
பட்ஜெட் என்று பேர் வைத்தார்கள்.
"டீச்சர், என் பட்ஜெட்டில் மஞ்சள் கரு இல்லை."
சிரித்தோம்.
அப்போது எல்லாருக்கும் சிரிப்பு வந்தது.

அந்த வருஷம் என் கடைக்கு வந்ததெல்லாம் மனு.
அடையாள அட்டை முன்னும் பின்னும்,
சம்பளச் சீட்டு மூன்று மாதம்,
இறப்புச் சான்றிதழ் மூன்று பிரதி.
செத்தவர் செத்ததை
மூன்று தடவை நம்பவைக்க வேண்டும்.

எழுதிக் கொடுத்தது குணசீலன்.
கிளினிக்கில் டிரஸ்ஸராக இருந்தவன்,
ஆள்குறைப்பில் முதல் ஆள்.
மரியாதையான மலாய், முத்து முத்தான கையெழுத்து,
காசு வாங்கமாட்டான்,
ஒரு தேத்தண்ணி போதும்.
நாற்பத்தொரு மனு.
ஒன்பதுக்குப் பதில் வந்தது.
ஒன்பதிலும் ஒரே வரி:
ஒதுக்கீடு இல்லை.

பிறகுதான் ஈப்போவிலிருந்து அந்த ஆள் வந்தார்,
கோயில் மண்டபத்தில், ஒலிபெருக்கி இல்லாமல்.
இல்லை என்று அவர் சொல்லவில்லை.
இருந்தது, என்றார்.
உன்னுடையதுதான், என்றார்.
யார் கொண்டுபோனார்கள் தெரியுமா, என்று
குரலைத் தாழ்த்தினார்.
புஷ்பவல்லி அழுதாள்.
மேடையிலிருந்து ஒருவர் தன் பெயரைச் சொல்லி அழைத்து
எத்தனை வருஷம் ஆயிற்று என்றாள்.
நாற்பத்தொரு மனுவுக்கும் சேர்த்து
அன்று பதில் கிடைத்தது.
பதிலில் முகவரிகூட இருந்தது.

மறுவாரம் குணசீலன் ஒரு தாள் நீட்டினான்.
இரண்டாயிரம் பிரதி, முன்பணம், நானூறு வெள்ளி.
எனக்கு வாடகை மூன்று மாதம் பாக்கி.
அதே முத்தான கையெழுத்து, இப்போது தமிழில்.
நம் இனம், நம் வேலை, நம் மண்,
கீழே, பழைய லயத்தில்
வங்காளதேசிகள் தங்கும் வீட்டு எண்கள்.
ஏழாம் எண் எனக்குத் தெரியும்.
ரஃபீக்குல் அங்கிருந்துதான் வருவான்,
பாஸ்போர்ட்டை மார்போடு அணைத்துக்கொண்டு;
குலை வெட்டிய கை கறுப்பாகும் என்று
கண்ணாடியைத் தொடமாட்டான்.
நோவாகாளியில் அவனுக்கு ஒரு மகள்.
"அக்கா, தெளிவாகப் போடு" என்பான்.

மூடியைச் சாத்தினேன்.
வெளிச்சம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனது,
மனுவின் மேல் போனது போலவே.
இயந்திரம் படிக்காது.
நான் படித்தேன்.
தெளிவாகத்தான் போட்டேன்.

புதன் இரவு இருபது மோட்டார்.
நான் ஷட்டரை இறக்கிவிட்டு
கல்லாவை எண்ணினேன், இரண்டு தடவை.
காலையில் பழைய லயத்து வழியெங்கும்
மெத்தைப் பஞ்சு, ஒற்றைச் செருப்புகள்,
கதவில்லாத ஏழாம் எண்.
வாசற்படியில் ரஃபீக்குல் தலையைப் பிடித்துக்கொண்டு.
வியாழக்கிழமை. கிளினிக் இல்லை.
இந்த ஊரில் கட்டுப்போடத் தெரிந்தவன் ஒருவன்தான்.
அவன் எதிர்ச் சாலையில் நின்று
தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மத்தியானம் போலீஸ் வந்தது.
தெருவில் பொறுக்கிய அந்தத் தாளை
மேசைமேல் வைத்தார் சார்ஜன்.
மூன்று பிரதி வேண்டுமாம்.
நிலையத்து இயந்திரத்துக்கு மை வாங்க
ஒதுக்கீடு இல்லையாம்.

எடுத்துக் கொடுத்தேன்.
பழக்கத்தில்
அறுபது காசு என்றது என் வாய்.