அடியில்லாத ஜாடி

ஒலிவ மரங்களுக்குக் குழாய் பதிக்க வந்த எந்திரம்
கல்லில் முட்டி நின்றது, பிப்ரவரியில்.
அன்றோடு லிகூர்கோஸின் நிலம்
லிகூர்கோஸுடையது இல்லை.
கம்பிவேலிக்கு வெளியே நின்று
தினமும் எங்களைத் திட்டுகிறான்.
போகும்போது ஒரு பை ஆரஞ்சு வைத்துவிட்டுப் போகிறான்.

என் வேலை கழுவுவது.
நீல வாளி, பல் துலக்கும் பிரஷ்,
காயவைக்கப் பழக்கடைத் தட்டு.
மண் கரையக் கரைய
ஒரு கிண்ணத்தின் காது,
சுடுமண் குதிரையின் பின்பாதி,
சுண்டுவிரல் நகமளவு ஈயக் கேடயங்கள்.
நூற்றுப்பன்னிரண்டுவரை எண்ணினேன்,
பிறகு எண்ணிக்கையைச் சராண்டோஸிடம் தள்ளிவிட்டேன்.

வட்டச் சுவர், முழங்கால் உயரம்.
நடுவில் அடியில்லாத ஜாடி ஒன்றை நட்டு
கல்லறைவரை வழி விட்டிருக்கிறார்கள்.
அதில் மது, தேன்,
கறுப்புக் கடாவின் ரத்தம்.
நானூறு வருஷம்.
“குடித்தானா?” என்று கேட்டேன்.
“காலியாகத்தானே இருக்கிறது” என்றாள் எரிஃபிலி,
எங்கள் தலைமை, குறிப்பேட்டிலிருந்து நிமிராமல்.

ஓட்டில் கீறியிருந்தது: வீரனுக்கு.
பெயர் இல்லை.
எல்லோருக்கும் தெரியும் என்று விட்டிருப்பார்கள்,
அல்லது ஒருவருக்கும் தெரியாது.
ஊற்றியவர்களுக்கே அறுநூறு வருஷம் மூத்தது கல்லறை.
கல் பெரிசு, அதனால் ஆளும் பெரிசு
என்று முடிவுகட்டியிருப்பார்கள்.

மழைக்கு முன் திறந்தோம்.
வாள் இல்லை. ஈட்டி இல்லை.
எலும்பு பார்க்கிறவன் பத்ராஸிலிருந்து வந்தான்.
இடுப்பெலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
காப்பி கேட்டான், மறுபடி பார்த்தான்.
பெண், என்றான். ஐம்பது இருக்கும்.
முட்டி தேய்ந்தவள்.
முன்பல்லில் மெல்லிய பள்ளங்கள்,
நூலைக் கடித்துக் கடித்து இழுத்தது.

வேலிக்கு அப்பால் லிகூர்கோஸ் மட்டும் சிரித்தான்:
“இத்தனை குதிரையும் முட்டிவலிக்காரிக்கா!”

நான் கேடயங்களை நினைத்துக்கொண்டிருந்தேன்.
போருக்குப் புறப்பட்ட எவனோ ஒருவன்
இங்கே மண்டியிட்டு, ஜாடிக்குள் வாய் வைத்து,
திரும்பிவரணும், என்று மட்டும் சொல்லியிருப்பான்.
அவளும் கேட்டிருப்பாள்,
கிழிந்த சட்டையோடு வந்து நிற்பவனிடம்
எங்கே, காட்டு, என்பதுபோல.

அருங்காட்சியக அட்டையில் ‘வீரன்’ என்றே வருமாம்.
ஓட்டில் இருப்பது அதுதானே.

சாயங்காலம் பைகளுக்குச் சீட்டுக் கட்டினேன்.
முப்பத்தொன்று: கீழ்த்தாடை.
கத்தரிக்கோலை எங்கோ வைத்துவிட்டான் சராண்டோஸ்.
நூலைப் பல்லுக்குக் கொடுத்தேன்.